நாம் கேட்கத் தவறும் இரண்டாவது கேள்வி

சென்ற கார்த்திகை மாதத்தில், மூச்சுத்திணறலோடு ஓர் அம்மையார் எங்கள் நெஞ்சக நோய்ப் பிரிவில் சேர்க்கப்பட்டார். வயது ஐம்பதைக் கடந்தவர். ஓராண்டுக்குள் அது மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் ஐந்தாறு நாட்களில் தேறி, முகத்தில் தெளிவோடு வீடு திரும்புவார். ஓரிரு மாதங்களில் அதே இளைப்போடு சக்கர நாற்காலியில் மீண்டும் வருவார். மருந்துகளை ஒழுங்காக எடுத்துக்கொள்கிறாரா என்று விசாரித்தோம், எடுத்துக்கொண்டிருந்தார். இன்ஹேலரைச் சரியாக இழுக்கிறாரா என்று பார்த்தோம், குறையில்லாமல் இழுத்தார். அவருடைய நோய்க்குறிப்பேட்டில் ‘புகைப்பழக்கம்’ என்ற வரிக்கு எதிரே மூன்று முறையும் ‘இல்லை’ என்றே எழுதப்பட்டிருந்தது. அவற்றுள் இரண்டு முறை எழுதியவன் நான்.

அந்த மூன்றாம் முறை, இரவுப் பணியில் இருந்த செவிலியர் ஒருவர், நான் கேட்காத ஒன்றைக் கேட்டார்: “அம்மா, வீட்டில் வேறு யாராவது புகைப்பதுண்டா?” அம்மையார் பதில் சொல்லவில்லை. கட்டிலருகே நின்றிருந்த கணவரை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போர்வையைச் சரிசெய்துகொண்டார். கணவர்தாம் பேசினார்: “நான்தான் சிஸ்டர். ஆனால் இவள் முகத்துக்கு நேரே ஒருநாளும் ஊதியதில்லை. ஜன்னல் ஓரம் நின்றுதான் பிடிப்பேன்.”

அவர் சொன்னது பொய்யன்று. மனைவியின் மருந்துச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தவர் அவர். மூன்று முறையும் இரவு முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து கண்விழித்தவர் அவர். தாம் பிடிக்கும் பீடி, தாம் கண்ணும் கருத்துமாகக் காத்துவரும் மனைவியின் நுரையீரலுக்குள்ளும் சென்றுகொண்டிருக்கிறது என்று அவருக்கு எவரும் விளங்கச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

இந்த நிகழ்ச்சியை, இன்னார் என்று அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். ஆயினும் இதைப் படிக்கும் குடும்பங்களுள் பலவற்றிற்கு இது தம் வீட்டுக் கதையாகவே தோன்றக்கூடும். 2016-17 ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட உலகளாவிய வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் வயதுவந்தோருள் 38.7 விழுக்காட்டினர் தம் வீட்டுக்குள்ளேயே பிறர் விடும் புகையைச் சுவாசிக்கின்றனர். ஏறத்தாழ ஐவரில் இருவர் என்னும் கணக்கு இது. ஆகவே, நோயாளி புகைப்பவரா என்று கேட்பதோடு எங்கள் விசாரணை முடிந்துவிடலாகாது. அவர் புகை சூழ்ந்த வீட்டில் வாழ்பவரா என்றும் கேட்டாக வேண்டும். அந்த இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லும் சுமையை நோயாளியின் தலையில் மட்டும் ஏற்றாமல் குடும்பம் முழுவதும் ஏற்க வேண்டும் என்பதே நான் இங்கு முன்வைக்க விரும்பும் கருத்து.

காற்றில் கலப்பவை யாவை?

புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் சுமார் 70 பொருள்கள் புற்றுநோயை உண்டாக்குபவை. எண்ணிக்கையைக் காட்டிலும், அவற்றுள் சிலவற்றை நமக்குத் தெரிந்த இடங்களில் வைத்துப் பார்த்தால் செய்தி தெளிவாகும்.

எண்ணெய்ச் சட்டி அளவுக்கு மீறிக் காய்ந்து புகையும்போது கண்ணைக் கரித்துத் தொண்டையைக் கமறச் செய்யும் ஆவியில் அக்ரோலின் என்னும் பொருள் இருக்கிறது. புகையிலைப் புகையிலும் அது உண்டு. மூச்சுக்குழலின் உட்சுவரை அரிப்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு. மருத்துவக் கல்லூரிகளில் சடலங்களைப் பதப்படுத்தப் பயன்படும் ஃபார்மலின், ஃபார்மால்டிஹைடு என்னும் வாயு கரைந்த நீரேயாகும். அந்த வாயுவும் புகையில் இருக்கிறது. பெட்ரோலில் உள்ள பென்சீன் இரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாவது; அதுவும் இருக்கிறது. மின்கலங்களில் பயன்படும் காட்மியம், நஞ்சென்று எல்லோரும் அறிந்த ஆர்செனிக், ஹைட்ரஜன் சயனைடு, அம்மோனியா, ஈயம் ஆகியனவும் உள்ளன. கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு, நம் இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்வது. ஒவ்வொரு மூச்சுக்கும் போராடும் ஒருவருக்கு, கிடைக்கும் கொஞ்ச ஆக்சிஜனையும் உடலெங்கும் செல்லவிடாமல் தடுப்பது அது.

இங்கே பலரும் அறியாத ஒன்று உண்டு. புகைப்பவர் இழுத்து வெளியே ஊதும் புகை ஒரு வகை. அவர் இழுக்காத நேரத்தில், விரலிடுக்கில் கனன்றுகொண்டிருக்கும் முனையிலிருந்து தானாக எழும் புகை மற்றொரு வகை. அறையில் நிறையும் புகையின் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையே. இது குறைந்த வெப்பத்தில், முழுமையாக எரியாமல் உண்டாவது. எனவே இதில் பல நச்சுப் பொருள்கள் இழுக்கும் புகையைவிடக் கூடுதலாக இருக்கின்றன. ஆகவே, ‘முகத்துக்கு நேரே ஊதவில்லை’ என்பதால் ஆபத்து நீங்கிவிடாது. ஊதாமலே எழும் புகைதான் அறையை நிறைக்கிறது.

‘பீடி இயற்கையான இலையில் சுற்றியது; அவ்வளவு கெடுதலில்லை’ என்று எண்ணுவோரும் உளர். பீடிப் புகையிலும் நிக்கோட்டின், தார், கார்பன் மோனாக்சைடு ஆகியவை மிகுதியாகவே உள்ளன. இலை இயற்கையானது என்பதால் புகை நல்லதாகிவிடாது.

புகைக்காதவர் உடலில் நேர்வது

பிறர் விடும் புகையின் தீங்கு நேற்று இன்று கண்டறியப்பட்டதன்று. ஜப்பானிய ஆய்வாளர் தகேஷி ஹிராயாமா, புகைக்காத 91,000-க்கும் மேற்பட்ட மணமான பெண்களைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1981-இல் தம் முடிவை வெளியிட்டார். நாளொன்றுக்கு இருபது சிகரெட்டுகளும் அதற்கு மேலும் புகைத்த ஆண்களின் மனைவியரிடையே நுரையீரல் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு, புகைக்காதவர்களின் மனைவியரைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. அன்று அம்முடிவைப் புகையிலை நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் பிறர் விடும் புகையும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உறுதிப்படுத்தின. அமெரிக்காவின் தலைமை மருத்துவர் 2006-இல் வெளியிட்ட அறிக்கை, வீட்டிலோ பணியிடத்திலோ பிறர் புகையைச் சுவாசிப்போருக்கு இதயநோய் வரும் வாய்ப்பு 25 முதல் 30 விழுக்காடும், நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 20 முதல் 30 விழுக்காடும் கூடுகின்றன என்று கூறியது. தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என்பதும் அவ்வறிக்கையின் முடிவு.

இதயநோயாளரின் குடும்பத்தினர் இதைச் சிறப்பாகக் கருத்தில் கொள்ள வேண்டும். சிறிது நேரம் புகையைச் சுவாசித்தாலே இரத்தத்தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும் தன்மையைப் பெறுகின்றன; இரத்தக் குழாய்களின் உட்சுவர் தளர்ந்து விரியும் ஆற்றலை இழக்கிறது. ‘ஸ்டென்ட்’ வைத்து வீடு திரும்பியவருக்கு நாங்கள் தரும் மாத்திரைகளுள் ஒன்று, அந்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுப்பதற்கே. ஒரு கையால் மாத்திரையைக் கொடுத்துவிட்டு மறு கையால் அதற்கு எதிரானதைச் செய்வது பொருந்துமா?

குழந்தைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர்களுடைய மூச்சுக்குழல் சிறியது. பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுபவர்கள். அறையை விட்டு எழுந்து போகவும் இயலாதவர்கள். ஆஸ்துமா மிகுதல், நெஞ்சுச் சளித் தொற்று, நடுச்செவி அழற்சி ஆகியவற்றோடு, பச்சிளங் குழந்தைகளின் திடீர் மரணத்திற்கும் பிறர் விடும் புகைக்கும் தொடர்பு உறுதிசெய்யப்பட்டுள்ளது. கருவுற்ற பெண் இப்புகையைச் சுவாசித்தால் குழந்தையின் பிறப்பு எடை குறையக்கூடும். பிறர் விடும் புகையால் உலகில் 2004-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் ஆறு இலட்சம் பேர் இறந்ததாக 2011-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவர்களுள் 28 விழுக்காட்டினர் குழந்தைகள். 47 விழுக்காட்டினர் பெண்கள்.

ஜன்னலைத் திறந்தால் போதாதா?

இக்கேள்வியைத்தான் மிகுதியாகக் கேட்கிறார்கள். போதாது என்பதே விடை. புகையிலுள்ள துகள்களுள் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்கு கூட இல்லாதவை. அவை தரையில் படிந்துவிடாமல் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். கண்ணுக்குப் புகை தெரியாமல் போவது அது பரவிவிட்டது என்பதற்கே அடையாளம். நீங்கிவிட்டது என்பதற்கு அன்று. மின்விசிறி அதை வீடு முழுவதற்கும் பகிர்ந்தளிக்கிறது. குளிர்பதன இயந்திரம் பெரும்பாலும் அதே காற்றைத்தான் சுழற்றிக் குளிர்விக்கிறது. காற்றைத் தூய்மைப்படுத்தும் கருவி துகள்களில் ஒரு பகுதியைப் பிடிக்கலாம். பென்சீன், கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களை அதன் வடிகட்டி பிடிப்பதில்லை. ஜன்னல் ஓரத்தில் நின்றாலும், காற்று உள்நோக்கி வீசும்போது புகை உள்ளேதான் வரும்.

புகை போன பின்னும் மிச்சம் இருக்கிறது. நிக்கோட்டின் சுவர், திரைச்சீலை, மெத்தை, தலையணை, சட்டை ஆகியவற்றில் படிந்து நாட்கணக்கில் நிற்கிறது. அப்படிப் படிந்த நிக்கோட்டின், வீட்டுக் காற்றில் இருக்கும் நைட்ரஸ் அமிலத்தோடு வினைபுரிந்து நைட்ரோசமைன் என்னும் புற்றுநோய்க் காரணிகளை உண்டாக்குகிறது என்பதை 2010-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர் காட்டினர். அந்த நைட்ரஸ் அமிலம் எரிவாயு அடுப்பு எரிவதாலும் உண்டாவது. தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு இது எவ்வாறு சென்று சேரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

வீட்டில் ஆக்சிஜன் கருவி வைத்திருப்போர் இன்னொன்றையும் அறிய வேண்டும். ஆக்சிஜன் செறிந்த இடத்தில் சிறு பொறியும் பெருநெருப்பாகும். போர்வையும் முடியும் நொடியில் பற்றிக்கொள்ளும். அந்த அறையில் பீடி, சிகரெட் மட்டுமன்று, விளக்கும் ஊதுவத்தியும் கூடாது.

சட்டம் நின்றுவிடும் வாசற்படி

பொது இடங்களைப் பொறுத்தவரை நம் நாடு நெடுந்தூரம் வந்துவிட்டது. 1999 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் பொது இடங்களில் புகைப்பதைத் தடைசெய்து தீர்ப்பளித்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், முரளி தேவரா தொடுத்த வழக்கில், மருத்துவமனை, கல்விக்கூடம், நூலகம், நீதிமன்றம், பொதுப் போக்குவரத்து முதலிய இடங்களில் புகைப்பதை நாடெங்கும் தடைசெய்தது. புகைக்காத ஒருவர், பொது இடத்துக்கு வர நேர்ந்த காரணத்தாலேயே நோய்க்கு ஆளாகக் கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். 2003-இல் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் விரிவான விதிகள் நடைமுறைக்கு வந்தன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம்.

இத்தகைய தடைகள் பயன் தருமா என்று ஐயுறுவோர்க்கு ஸ்காட்லாந்தின் அனுபவம் விடையாகும். அங்கு 2006 மார்ச்சில் மூடிய பொது இடங்களில் புகைப்பது தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டில், ஆய்வுக்கு உட்பட்ட மருத்துவமனைகளில் மாரடைப்பும் அதனையொத்த இதயப் பாதிப்பும் கொண்டு சேர்க்கப்பட்டோர் எண்ணிக்கை 17 விழுக்காடு குறைந்தது. அந்தக் குறைவில் பெரும்பங்கு புகைக்காதவர்களிடையே நிகழ்ந்தது.

ஆனால் சட்டம் நம் வீட்டு வாசற்படியில் நின்றுவிடுகிறது. மருத்துவமனையில் ஒருவருக்குக் கிடைக்கும் தூய காற்று, அவர் வீடு திரும்பியதும் கிடைக்காமற் போகிறது. அந்த அம்மையார் எங்கள் பிரிவில் ஐந்து நாட்களில் தேறியதற்கு எங்கள் மருந்துகளை மட்டுமே காரணமாகக் கூறிக்கொள்ள இப்போது எனக்குத் துணிவில்லை. இங்கு எவரும் புகைக்கவில்லை என்பதும் அவரைத் தேற்றியிருக்கலாம்.

இரண்டு மறுப்புகள்

“என் தந்தை எண்பது வயது வரை பீடி பிடித்தார், வீட்டில் எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை” என்பார் சிலர். அப்படிப்பட்ட குடும்பங்கள் உண்டு. ஆனால் தலைக்கவசமின்றி நெடுங்காலம் வண்டி ஓட்டி விபத்துக்குத் தப்பியவரும் உண்டு. அதைக் கொண்டு தலைக்கவசம் வேண்டாம் என்று நாம் முடிவுசெய்வதில்லை. அதிலும், ஏற்கெனவே நோயுற்றவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீடு மற்ற வீடுகளைப் போன்றதன்று.

“கொசுவர்த்திப் புகையும் வண்டிப் புகையும் இல்லையா? புகையிலையை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?” என்பது மற்றொரு மறுப்பு. இது நேர்மையான கேள்வி. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள்களின் அளவு, 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்கு இணையானது என்று 2003-இல் ஓர் ஆய்வு கண்டறிந்தது. ஆகவே அதையும் நிறுத்துங்கள். நோயாளி உறங்கும் அறையில் கொசுவலை கட்டுங்கள். சாலைப் புகையை நாம் ஒருவராக நிறுத்த முடியாது. நம் வீட்டுக்குள் நாமே மூட்டும் நெருப்பை இன்றே நிறுத்த முடியும். வேறு நஞ்சுகளும் இருக்கின்றன என்பது இந்த நஞ்சை வைத்துக்கொள்வதற்கு நியாயமாகாது.

யார் சொல்வது, எப்படிச் சொல்வது?

நடைமுறையில் கடினமான இடம் இதுவே. நம் வீடுகளில் புகைப்பவர் பெரும்பாலும் கணவராகவோ, மாமனாராகவோ, மூத்த அண்ணனாகவோ இருக்கிறார். புகையைச் சுவாசிப்பவர் அவருடைய சம்பாத்தியத்தையோ சொல்லையோ சார்ந்து வாழ்பவர். ‘எனக்காக நிறுத்துங்கள்’ என்று நோயாளியே கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவருக்கு நாம் இழைக்கும் அநீதி. ஏற்கெனவே தாம் குடும்பத்துக்குச் சுமையாகிவிட்டதாக வருந்திக்கொண்டிருப்பவர், மேலும் ஒன்றைக் கேட்கத் தயங்குவார். அந்த அம்மையாரின் மௌனத்துக்குப் பொருள் அதுதான்.

எனவே வீட்டிலுள்ள வேறொருவர் பேச வேண்டும். மகனோ மகளோ பேசலாம், உடன்பிறந்தார் பேசலாம், அவருக்கு நெருங்கிய நண்பர் பேசலாம். எவரும் இல்லையெனில் எங்களிடம் விட்டுவிடுங்கள், நாங்கள் பேசுகிறோம். பேசும்போது குற்றஞ்சாட்டும் சொல் வேண்டாம். புகைப்பவரும் ஒரு வகையில் நோயாளியே. நிக்கோட்டின் எளிதில் விட்டுவிடக்கூடிய பொருளன்று. “உங்களால்தான் அம்மாவுக்கு இப்படி ஆயிற்று” என்ற ஒரு சொல், அவரை வாழ்நாள் முழுவதும் குத்தும். ஆனால் பழக்கத்தை நிறுத்தாது. “அப்பா, அம்மாவுக்கு வீட்டுக்குள் புகையே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இனி வீட்டுக்குள் வேண்டாம்” என்று சொன்னால் போதும். பழியை எங்கள் மேல் போடுங்கள். அதற்காகவும்தான் நாங்கள் இருக்கிறோம்.

உடனே முழுதாக விட இயலாதவர், முதற்படியாக வீட்டுக்குள் புகைப்பதை அறவே நிறுத்தலாம். பால்கனியிலோ வாசலிலோ நிற்பது போதாது. வீட்டை விட்டு விலகிச் செல்ல வேண்டும். திரும்பியதும் சில நிமிடங்கள் வெளியிலேயே இருந்து, சட்டையை மாற்றி, கைகளைக் கழுவிய பின்னரே நோயாளியின் அருகிலோ குழந்தையின் அருகிலோ செல்ல வேண்டும். காருக்குள்ளும் ஆட்டோவுக்குள்ளும் ஒருபோதும் புகைத்தலாகாது. அந்தச் சிறு இடத்தில் புகை மிக விரைவில் செறிந்துவிடும். இவை தீங்கை ஓரளவு குறைக்கும். முழுதாக விடுவதே தீர்வு. அதற்கு நிக்கோட்டின் சூயிங்கமும் வேறு மருந்துகளும் உள்ளன. மருத்துவரின் அறிவுரையோடு பயன்படுத்தலாம். பீடி, சிகரெட் பெட்டிகளிலேயே அச்சிடப்பட்டிருக்கும் 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணிலும் உதவி பெறலாம்.

எங்கள் பங்கு

குடும்பங்களிடம் இவ்வளவு கேட்கும் நாங்கள், எங்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். நோய்க்குறிப்பேட்டில் ‘புகைப்பழக்கம்’ என்ற வரிக்குக் கீழே ‘வீட்டில் புகைப்பவர் உண்டா?’ என்ற இரண்டாவது வரியும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. வீடு திரும்பும் நாளில் தரும் அறிவுரைச் சீட்டில், உப்பைக் குறையுங்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள் என்பவற்றோடு ‘வீட்டுக்குள் எவரும் புகைத்தலாகாது’ என்பதும் அச்சில் வர வேண்டும். அச்சில் வந்துவிட்டால் அது நோயாளி கேட்கும் சலுகையாக இராது. மருந்தைப் போலவே சிகிச்சையின் ஒரு பகுதியாகிவிடும். குடும்பத்தில் எவரும் முகம் கோணாமல் அதைச் சுட்டிக்காட்ட இயலும்.

அந்த அம்மையாரின் கணவர் அன்றிரவே பழக்கத்தை விட்டுவிட்டார் என்று எழுத எனக்கும் விருப்பந்தான். அப்படி நிகழவில்லை. முதலில் வீட்டுக்குள் பிடிப்பதை நிறுத்தினார். பிறகு எண்ணிக்கையைக் குறைத்தார். ஒருமுறை விட்டு, மீண்டும் தொடங்கி, இப்போது மறுபடியும் முயன்றுகொண்டிருக்கிறார். அம்மையாருக்கு இளைப்பு முற்றிலும் நீங்கவில்லை. சிதைந்த நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆனால் சென்ற மாதம் இருவரும் வந்தபோது சக்கர நாற்காலி தேவைப்படவில்லை. புறநோயாளர் பிரிவுக்கு அவர் நடந்தே வந்தார்.

அடுத்த முறை நீங்கள் எங்களைக் காண வரும்போது, அந்த இரண்டாவது கேள்வியை நாங்கள் கேட்போம். பணி நெருக்கடியில் கேட்க மறந்தால், நீங்களாகவே சொல்லிவிடுங்கள். நோயாளியின் எதிரில் சொல்லத் தயக்கமிருந்தால், செவிலியரைத் தனியே அழைத்துச் சொன்னாலும் போதும்.